எண்ணெய்ப் பனை ஒட்டுக் கன்றுகள்: தோற்றம் ஒன்று, குணம் வேறு

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் சொல். நாற்றங்கால் ஓரமாக நின்று பார்த்தே நல்ல நாற்று எது, நோஞ்சான் நாற்று எது என்று பிரித்துச் சொல்லும் அனுபவம் உழவர் பெருமக்களாகிய உங்களுக்கு உண்டு. ஆனால் எண்ணெய்ப் பனையைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி பாதி அளவே பலிக்கும். கன்றின் வளர்ச்சியை முளையிலே காணலாம். அது பின்னாளில் தரப்போகும் பழத்தின் குணத்தைக் கண்ணால் காண முடியாது.

நாற்றங்காலில் 3 கன்றுகள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே உயரம், ஒரே பச்சை. அவற்றுள் ஒன்று சதைப்பற்று மிகுந்த பழங்களைத் தரும். இன்னொன்று தடித்த ஓடுள்ள பழங்களைத் தரும். மூன்றாவது கன்று மற்ற இரண்டையும்விடச் செழித்து வளர்ந்தும், அறுவடைக்கு ஒரு குலைகூடத் தராமல் போகலாம். இந்த வேறுபாடு வெளியே தெரிய விதை முளைத்த நாளிலிருந்து ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும். அதுவரை நீரும் உரமும் ஆள் கூலியும் மூன்றுக்கும் ஒன்றே.

நெல்லில் விதை தவறினால் ஒரு போகம் நட்டம். எண்ணெய்ப் பனையோ 25 முதல் 30 ஆண்டுகள் வரை நின்று பலன் தரும் பயிர். இதில் விதை தவறினால் ஒரு தலைமுறையே நட்டம். எனவே எண்ணெய்ப் பனையின் ஒட்டு என்றால் என்ன, ஒட்டுக்கு ஒட்டு குணம் ஏன் மாறுகிறது, நல்ல கன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பனவற்றை இந்தப் பாடத்தில் காண்போம்.

மூன்று வகைப் பழங்கள்

நாம் பயிரிடும் எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. மலேசியாவில் வாழும் தமிழர் இதனைச் செம்பனை என்று அழைக்கின்றனர். இதன் பழத்தின் வெளிப்புறம் சதை. சதையிலிருந்து கிடைப்பதே பாமாயில். சதைக்குள் ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. பருப்பிலிருந்து வேறு ஓர் எண்ணெய் எடுக்கப்படுகிறது. ஓட்டின் தடிப்பைக் கொண்டு இம்மரங்களை மூன்று வகையாகப் பிரிப்பர்.

1. டூரா: ஓடு தடித்தது. 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஓடு இடத்தை அடைத்துக்கொள்வதால் சதை குறைவு.

2. பிசிபெரா: ஓடே இல்லாதது. ஆனால் இவ்வகை மரங்களில் பெரும்பாலானவற்றின் பெண் பாளைகள் மலட்டுத் தன்மை உடையவை. பிஞ்சுக் குலைகள் முதிராமலே அழுகிவிடும்.

3. டெனிரா: ஓடு மெல்லியது. அரை மில்லிமீட்டர் முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஓட்டைச் சுற்றிலும் சதைக்குள் கருநிற நார் வளையம் ஒன்று காணப்படும். பழத்தின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் சதையே.

டூராவைத் தாயாகவும் பிசிபெராவைத் தந்தையாகவும் கொண்டு உண்டாக்கப்படும் ஒட்டே டெனிரா. தோட்டங்களில் நட வேண்டியது இந்த டெனிரா ஒட்டு மட்டுமே. ஒரே எடையுள்ள குலையிலிருந்து டூராவைக் காட்டிலும் டெனிராவில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் கிடைக்கும்.

ஓட்டின் கணக்கு

ஓட்டின் தடிப்பு எவ்வாறு பரம்பரையாக வருகிறது என்பதை 1941-ஆம் ஆண்டில் அன்றைய பெல்ஜியக் காங்கோவில் பெயர்னார்ட், வாண்டர்வெய்ன் என்ற இரு அறிஞர்கள் விளக்கினர். அவர்கள் கண்டது மிக எளிய கணக்கு.

ஒவ்வொரு மரத்திலும் ஓட்டுக்கென்று இரண்டு மரபுக் கூறுகள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. டூராவில் இரண்டுமே "தடித்த ஓடு" என்னும் கூறுகள். பிசிபெராவில் இரண்டுமே "ஓடில்லை" என்னும் கூறுகள். இவ்விரண்டையும் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் தாயிடமிருந்து ஒரு தடித்த ஓட்டுக் கூறும், தந்தையிடமிருந்து ஓர் ஓடில்லாக் கூறும் வந்தே தீரும். ஆகவே அத்தனை கன்றுகளும் டெனிராவாகவே அமையும்.

இனி, டெனிரா மரத்தில் விழும் விதையைப் பாருங்கள். அது நிற்கும் தோட்டம் முழுவதும் டெனிரா. எனவே அதற்கு மகரந்தம் தருவதும் மற்றொரு டெனிராவே. இரு பக்கத்திலும் இரண்டு வகைக் கூறுகளும் கலந்துள்ளன. இரண்டு நாணயங்களை ஒரே நேரத்தில் சுண்டினால் என்ன ஆகும்? நான்கில் ஒரு முறை இரண்டும் தலை, நான்கில் ஒரு முறை இரண்டும் பூ, மற்ற இரண்டு முறையும் ஒன்று தலை, ஒன்று பூ. அதே போல அந்த விதைகளில் கால் பங்கு டூரா, அரைப் பங்கு டெனிரா, கால் பங்கு பிசிபெரா என்று பிரிந்துவிடும். அவரை போட்டால் துவரை முளைக்குமா என்று கேட்போம். எண்ணெய்ப் பனையில் டெனிரா போட்டால் டூராவும் முளைக்கும், மலடும் முளைக்கும்.

இந்தக் கணக்கைக் கட்டுப்படுத்தும் மரபணு எது என்பதை 2013-ஆம் ஆண்டில் மலேசிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். அதன் பயனாக இன்று இலைத் துணுக்கைக் கொண்டே கன்று எவ்வகை என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுகொள்ள வழி பிறந்துள்ளது. ஆயினும் கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி இன்றும் இல்லை.

மரத்தடிக் கன்றால் வரும் நட்டம்

காய்ப்பில் இருக்கும் தோட்டத்தில், உதிர்ந்த பழங்களிலிருந்து மரத்தடியில் தாமாகவே கன்றுகள் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "நன்றாகக் காய்க்கும் மரத்தின் கன்றுதானே, காசு கொடுத்து வாங்குவானேன்?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. தென்னையில் நல்ல தாய் மரத்தின் நெற்றை எடுத்து நாற்று விடும் பழக்கம் நமக்கு உண்டு அல்லவா? ஆனால் நெட்டை குட்டை ஒட்டுத் தென்னையின் காயையும், வீரிய ஒட்டுச் சோளத்தின் மணியையும் விதைக்கு எடுப்பதில்லை. எண்ணெய்ப் பனை அந்த வரிசையைச் சேர்ந்தது.

நட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டருக்கு 143 மரங்கள் பிடிக்கும். கணக்கின் வசதிக்காக ஒரு மரத்தில் ஆண்டுக்கு 150 கிலோ குலை கிடைப்பதாகவும், டெனிராக் குலையில் 24 விழுக்காடும் டூராக் குலையில் 17 விழுக்காடும் எண்ணெய் இருப்பதாகவும் கொள்வோம்.

முறையான ஒட்டுக் கன்று நட்ட தோட்டத்தில் 143 மரங்களும் டெனிரா. குலை 21,450 கிலோ. எண்ணெய் 5,148 கிலோ.

மரத்தடிக் கன்று நட்ட தோட்டத்தில் டெனிரா 71, டூரா 36, பிசிபெரா 36. டெனிராவிலிருந்து குலை 10,650 கிலோ, டூராவிலிருந்து 5,400 கிலோ, பிசிபெராவிலிருந்து ஒன்றுமில்லை. ஆக மொத்தம் குலை 16,050 கிலோ. எண்ணெய் 3,474 கிலோ.

குலை எடையில் கால் பங்கும், எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் குறைந்துவிட்டன. குலைக்கு விலை கணக்கிடும்போது அதிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் விகிதமும் சேர்த்தே பார்க்கப்படுவதால், டூரா கலந்த குலைகள் ஆலைக்கு மட்டுமன்றி உழவருக்கும் இழப்பே. இதற்கு மேல், நெருங்கிய உறவு மரங்களுக்குள் சேர்க்கை நடந்தால் பிறக்கும் கன்றுகளின் வீரியமும் குன்றும். இந்த நட்டம் ஓர் ஆண்டோடு முடிவதில்லை. தோட்டம் உள்ள காலம் வரை தொடரும்.

ஒட்டு விதை உண்டாகும் விதம்

ஒட்டு விதையின் விலை ஏன் கூடுதலாக உள்ளது என்று கேட்கும் உழவர்கள் அது உண்டாகும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். விதைத் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த டூராத் தாய் மரத்தின் பெண் பாளை விரியும் முன்பே அதனைப் பையால் இறுகக் கட்டிவிடுவர். பூக்கள் மலர்ந்து பக்குவமானதும், தனியே சேகரித்து வைத்த பிசிபெரா மகரந்தத்தைப் பைக்குள் தூவுவர். பையில் ஒரு சிறு துளை இருந்தாலும் வண்டு நுழைந்து வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அப்படி வந்த மகரந்தம் டூராவினுடையது என்றால், அந்த விதைகள் டூராவாகவே முளைக்கும். ஒரு துளையின் விலை இவ்வளவு பெரிது.

தந்தை மரத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் கடினம். பிசிபெரா தானே காய்ப்பதில்லை. பிறகு அது நல்ல மரம் என்று எப்படி அறிவது? பொலிகாளையை எண்ணிப் பாருங்கள். காளை பால் கறப்பதில்லை. அதற்குப் பிறந்த கிடேரிகள் பசுவாகிக் கறக்கும் பாலைக் கொண்டே காளையின் தரத்தை மதிப்பிடுகிறோம். அதே முறையில், ஒரு பிசிபெராவைப் பல டூராக்களோடு சேர்த்து, பிறக்கும் கன்றுகளை நட்டு, அவை காய்த்த பின் பல ஆண்டுகள் குலைகளை எடை போட்டு, எண்ணெய் அளவைச் சோதித்த பிறகே "இது நல்ல தந்தை" என்று முடிவு செய்கின்றனர். இதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். நீங்கள் வாங்கும் கன்றின் பின்னால் இத்தனை ஆண்டுப் பதிவேடு இருக்கிறது.

நம் நாட்டில் எண்ணெய்ப் பனை ஆராய்ச்சி கேரளத்தின் பாலோட்டிலும், ஆந்திரத்தின் பெத்தவேகியிலும் நடைபெறுகிறது. பெத்தவேகியில் 1995-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி மையமே இன்று இந்திய எண்ணெய்ப் பனை ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. உள்நாட்டு விதைத் தோட்டங்களின் விதை போதாமையால் வெளிநாடுகளிலிருந்தும் முளைவிட்ட விதைகள் இறக்குமதி செய்யப்படுகின்றன. எனவே ஒரே பகுதியில் பல மூலங்களிலிருந்து வந்த ஒட்டுகள் நடப்படுவது இயல்பு.

ஒட்டுக்கு ஒட்டு குணம் மாறுவதேன்?

"எல்லாம் டெனிரா என்றால், எந்த டெனிராவை நட்டால் என்ன?" என்று கேட்கலாம். ஓடு ஒன்றே தவிர, மற்ற குணங்கள் தாய் தந்தையரின் வம்சத்தைப் பொறுத்து மாறும்.

தாய் வழியில் பெரிதும் பயன்படுவது டெலி டூரா. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1848-ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் 4 எண்ணெய்ப் பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி பகுதிக்குச் சென்றன. 1911 முதல் சுமத்ராவிலும், 1917 முதல் மலேயாவிலும் பெருந்தோட்டங்கள் தோன்றின. டெலி டூரா என்று வழங்கும் மரங்கள் அனைத்தும் அந்த 4 மரங்களின் சந்ததிகளே. குலை பெரிது, ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது இதன் பொதுக் குணம்.

தந்தை வழிகள் பலவாகும். அவற்றுள் முக்கியமானவை:

அவ்ரோஸ்: காங்கோவிலிருந்து 1923-ஆம் ஆண்டு சுமத்ராவுக்குச் சென்ற விதைகளின் வழி வந்தது. கன்றுகள் வீரியமாக வளரும், சதைப்பற்று மிகுதி. ஆனால் மரம் விரைவில் உயர்ந்துவிடும்.

லா மே: ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்தது. குலைகள் சிறியவை, எண்ணிக்கை மிகுதி. அவ்ரோஸ் வழியோடு ஒப்பிட்டால் மெதுவாக உயரும்.

யங்கம்பி: காங்கோவைச் சேர்ந்தது. வீரியமான வளர்ச்சியும் நல்ல எண்ணெய் அளவும் உடையது.

எகோனா: காமரூன் நாட்டைச் சேர்ந்தது. எண்ணெய் அளவுக்கும், ஆப்பிரிக்காவில் பரவலாகக் காணப்படும் வாடல் நோயைத் தாங்கும் தன்மைக்கும் பெயர் பெற்றது.

பெரிய குலை தரும் தாயும், நிறைய குலை தரும் தந்தையும் சேரும்போது, எண்ணிக்கையும் எடையும் ஓரளவு ஒன்று சேர்ந்து ஒட்டின் மகசூல் உயர்கிறது. பொதுவாக எண்ணிக்கை கூடினால் குலையின் எடை குறையும். இரண்டும் மிகுதியாக உள்ள மரம் அரிது. எனவே குலையின் பருமனை மட்டும் பார்த்து ஒட்டை மதிப்பிட வேண்டாம். ஆண்டு முழுவதும் கிடைத்த மொத்த எடையைப் பாருங்கள்.

உயரம் ஒரு சிறு குணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர் உயரும் ஒட்டு, தண்டு எழத் தொடங்கிய 10 ஆண்டுகளில் 6 மீட்டரை எட்டும். ஆண்டுக்கு 40 சென்டிமீட்டர் உயரும் ஒட்டு அதே காலத்தில் 4 மீட்டரிலேயே நிற்கும். இளம் மரத்தில் உளியால் குலையை வெட்டிவிடலாம். மரம் உயர்ந்த பின் நீண்ட கழியில் அரிவாள் கட்டி, பழகிய ஆளைக் கொண்டே அறுக்க வேண்டும். ஆள் கிடைக்காத இக்காலத்தில் மெதுவாக உயரும் ஒட்டு உங்கள் தோட்டத்தின் பயன்தரும் ஆயுளையே நீட்டிக்கும்.

பழத்தின் நிறத்திலும் வேறுபாடு உண்டு. பெரும்பாலான மரங்களில் காய் நுனி கருமையாக இருந்து, பழுக்கும்போது சிவக்கும். சில வழிகளில் காய் பச்சையாக இருந்து, பழுத்ததும் ஆரஞ்சு நிறம் பெறும். பின்னதில் பக்குவம் தெளிவாகத் தெரிவதால் காயை அறுத்துவிடும் பிழை குறையும்.

வம்சம் குறுகினால் வரும் ஆபத்து

நான்கே மரங்களின் சந்ததி உலகின் பெரும்பகுதித் தோட்டங்களுக்குத் தாய் வழியாக அமைந்தது வியப்புக்குரியது மட்டுமல்ல, கவலைக்கும் உரியது. எல்லா மரங்களும் ஒரே வம்சம் என்றால், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கானோடெர்மா இனப் பூசணம் எண்ணெய்ப் பனையின் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது. இந்நோயைத் தாங்கும் திறன் வம்சத்துக்கு வம்சம் மாறுகிறது என்பதும், டெலி வழியைவிட ஆப்பிரிக்க வழிகள் சில கூடுதலாகத் தாங்குகின்றன என்பதும் சுமத்ராவில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

எனவே ஆராய்ச்சியாளர்கள் இம்மரத்தின் தாயகத்துக்கே சென்று காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்தனர். 1973-ஆம் ஆண்டில் மலேசிய, நைஜீரிய ஆய்வாளர்கள் சேர்ந்து நைஜீரியா முழுவதும் சுற்றி 919 மரங்களின் குலைகளைத் திரட்டினர். அவற்றின் சந்ததியில் உயரம் குறைந்த மரங்களும், எண்ணெயின் தன்மை மாறுபட்ட மரங்களும் கிடைத்தன. நம் நாட்டிலும் கினி பிசாவ், காமரூன், தான்சானியா, சாம்பியா ஆகிய நாடுகளின் மரங்கள் சேகரித்து வளர்க்கப்படுகின்றன. மழை குறைந்த பகுதிகளிலிருந்து வந்த மரங்கள், பாசனத்தை நம்பிப் பயிரிடும் நமக்கு வறட்சி தாங்கும் ஒட்டுகளைத் தர உதவக்கூடும்.

எண்ணெய்ப் பனைக்கு அமெரிக்காவில் ஓர் உறவு இனமும் உண்டு. அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே உயரும். அதன் எண்ணெய் எளிதில் உறையாது. ஆப்பிரிக்க இனத்தோடு சேர்த்து உண்டாக்கிய ஒட்டு, கொலம்பியா நாட்டில் குருத்தழுகல் நோய் பல்லாயிரம் எக்டர் தோட்டங்களை அழித்தபோது கைகொடுத்தது. ஆனால் அந்த ஒட்டில் மகரந்தம் வீரியமற்றது. கையால் மகரந்தம் தூவ வேண்டியிருப்பதால் செலவு கூடும். ஒரு குணம் கிடைக்க மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது என்பதற்கு இது நல்ல சான்று.

"சிறந்த ஒரு மரத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கினால் எல்லாம் ஒன்றாகவே இருக்குமே" என்று தோன்றலாம். அவ்வாறு பெருக்கிய கன்றுகள் சிலவற்றில் பூக்கள் உருத்திரிந்து, பழம் பிடிக்காமல் போனது 1980-களில் தெரியவந்தது. இதன் காரணம் 2015-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. எனவே திசு வளர்ப்புக் கன்று என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது.

மரத்தின் குற்றமா, வளர்ப்பின் குற்றமா?

ஒட்டின் பெற்றோர் முற்றிலும் தூய வழிகள் அல்ல என்பதால், ஒரே குலையின் விதையிலிருந்து வந்த கன்றுகளும் உடன்பிறந்த பிள்ளைகளைப் போலச் சற்று வேறுபட்டே இருக்கும். ஆனால் தோட்டத்தில் காணும் வேறுபாடு முழுவதையும் விதையின் மேல் சுமத்துவது தவறு.

எண்ணெய்ப் பனையில் ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றும். அது ஆண் பாளையா பெண் பாளையா என்பது, வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்நேரத்தில் மரம் நீரின்றி வாடினால் ஆண் பாளைகள் மிகும். இவ்வாண்டுக் கோடையில் பாசனம் தவறினால், அதன் தண்டனை 2 ஆண்டு கழித்துக் குலைக் குறைவாக வந்து சேரும். பலர் அப்போது விதையைக் குறை கூறுகின்றனர்.

குலையில் பழம் பிடிக்காமல் இருப்பதற்கும் விதை மட்டுமே காரணமன்று. மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் சிறு கூன்வண்டுகள் 1981-ஆம் ஆண்டில் காமரூனிலிருந்து மலேசியாவுக்கும், பின்னர் 1985-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டன. ஆண் பாளைகளில் பெருகும் இவ்வண்டுகள் குறைந்தால் பழப்பிடிப்பும் குறையும். புதிய தோட்டங்களில் இவ்வண்டுகள் உள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் விரிவாக்க அலுவலர் உதவியுடன் கொண்டுவந்து விட வேண்டும்.

ஆகவே ஒரு மரத்தை ஓராண்டு மகசூலைக் கொண்டு நல்லது, கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மரங்களுக்கு எண் இட்டு, ஒவ்வோர் அறுவடையிலும் குலைகளின் எண்ணிக்கையையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது, அண்டை மரங்கள் நன்றாகக் காய்த்தும் தான் மட்டும் தொடர்ந்து காய்க்காத மரம் எது என்பது தெரிந்துவிடும். அதுவே விதைக் குற்றம்.

கன்று வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. விதையின் மூலம் என்ன, எந்தத் தாய் வழி, எந்தத் தந்தை வழி, எந்நாளில் நாற்றங்காலுக்கு வந்தது என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதிவேடு காட்ட முடியாத இடத்தில் கன்று வாங்க வேண்டாம்.

2. கன்றின் வயது 12 முதல் 14 மாதம் வரை இருக்கட்டும். உயரம் 1 முதல் 1.3 மீட்டர் வரையும், நன்கு இயங்கும் இலைகள் 13-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

3. கீழ்க்காணும் கன்றுகளை ஒதுக்குங்கள்: விறைத்து நேர் மேலே நிற்பவை, துவண்டு தொங்குபவை, உச்சி தட்டையானவை, இலைகள் பிரியாமல் ஒட்டியே இருப்பவை, சிற்றிலைகள் மிகக் குறுகலாகவோ சுருண்டோ இருப்பவை, இலையில் வெள்ளைக் கோடு ஓடியவை. வம்சம் தெரியாது என்றாலும் வளர்ச்சிக் குறை முளையிலே தெரியும். பழமொழி பலிக்கும் பாதி இதுதான்.

4. நாற்றங்காலில் கழித்த கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். கன்றில் மிச்சமாகும் பணத்தை அந்த மரம் 25 ஆண்டுகள் வட்டியோடு திரும்ப வாங்கிவிடும்.

5. உங்கள் நிலத்தில் நீர் வசதி, ஆள் வசதி ஆகியவற்றைச் சொல்லி, அதற்கேற்ற ஒட்டு எது என்று கேளுங்கள். எந்த வயலில் எந்த ஒட்டை நட்டீர்கள் என்பதை வரைபடமாக எழுதி வையுங்கள்.

கத்திச் சோதனை

முதல் குலைகள் பழுத்ததும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் 10 பழுத்த பழங்களை எடுத்துக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓடு மெலிந்து, அதைச் சுற்றிக் கரும்புள்ளிகளாக நார் வளையம் தெரிந்தால் அது டெனிரா. ஓடு தடித்துக் கத்தியைத் தடுத்து, நார் வளையம் இல்லையென்றால் அது டூரா. பெண் பாளைகள் வந்தும் பிஞ்சிலேயே தொடர்ந்து அழுகி, மரம் மட்டும் மிகச் செழிப்பாக இருந்தால் அது பிசிபெராவாக இருக்கலாம்.

143 மரங்களில் ஒன்றிரண்டு மாறியிருந்தால் அவற்றைக் குறித்து வைத்து, காலம் தாழ்த்தாமல் எடுத்துவிட்டு நல்ல கன்று நடலாம். சுற்றியுள்ள மரங்களின் மட்டைகள் மூடிய பின் நட்டால் புதுக்கன்று நிழலில் தேறாது. மாறிய மரங்கள் பலவாக இருந்தால், உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கன்று வாங்கிய இடத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

தேசிய சமையல் எண்ணெய் இயக்கத்தின் எண்ணெய்ப் பனைத் திட்டத்துக்கு 2021-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்த பின் கன்றுகளின் தேவை பெருகியது. தேவை பெருகும் காலத்தில் தரமற்ற கன்றும் விலை போகும். கன்று கிடைக்கவில்லை என்று மரத்தடிக் கன்றைப் பிடுங்கி நடுவதைவிட, ஓராண்டு காத்திருந்து, அதுவரை அந்த நிலத்தில் நிலக்கடலையோ உளுந்தோ பயிரிடுவது மேல்.

பாடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

வினா 1: டெனிரா மரத்தின் விதையை நட்டால் எல்லாம் டெனிராவாக வருமா?
விடை: வராது. கால் பங்கு டூரா, அரைப் பங்கு டெனிரா, கால் பங்கு பிசிபெரா என்று பிரியும்.

வினா 2: பழத்தை வெட்டி டெனிராவை எவ்வாறு அறியலாம்?
விடை: மெல்லிய ஓட்டையும், அதைச் சுற்றியுள்ள கருநிற நார் வளையத்தையும் கொண்டு அறியலாம்.

வினா 3: இவ்வாண்டு ஆண் பாளைகள் மிகுந்துள்ளன. விதை கெட்டதா?
விடை: உடனே அப்படி முடிவு செய்யக் கூடாது. சுமார் 2 ஆண்டுகளுக்கு முன் பாசனம் எப்படி இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வினா 4: ஒட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது குலையின் பருமன் மட்டும் போதுமா?
விடை: போதாது. ஆண்டு மொத்த எடை, எண்ணெய் அளவு, ஆண்டுக்கு உயரும் அளவு, நோய் தாங்கும் திறன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உழவர் பெருமக்களே! எண்ணெய்ப் பனையில் உரத்தைப் பிறகு கூட்டலாம், நீரைப் பிறகு பெருக்கலாம், வம்சத்தை மட்டும் பிறகு மாற்ற முடியாது. எனவே நடும் முன் கன்றின் பதிவேட்டைக் கேட்டு, நட்ட பின் உங்கள் குறிப்பேட்டை எழுதி, முறையான ஒட்டுக் கன்றுகளையே நட்டுப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.